மேகம் எழுதிக் கொடுத்த பவர் பத்திரம்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் 'மேகம்' என்றுதான் கூப்பிட்டார்கள். கிரேன் ஓட்டியவர். காலையில் இரும்பு ஏணியில் ஏறிக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடும் மேலேதான். லாரி அளவுப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி, முட்டையை வைப்பது போலத் தரையில் வைப்பார்.

அந்த மேகத்துக்கு, ஓய்வு பெற்ற சில வருடங்களில் மறதி தொடங்கியது. அடுப்பை அணைக்க மறந்தார். சொந்தத் தெருவிலேயே நின்று வழி கேட்டார். டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "இது கூடும், குறையாது." அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மேகம் மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "புத்தி இருக்கும்போதே வக்கீலைப் பாத்துடணும்" என்றார்.

பவர் பத்திரம் எழுதத்தான். அவர் நினைவு தப்பிய பிறகு அவருடைய வைத்தியம், வீடு, பென்ஷன், அவர் எங்கே இருப்பது என்பது வரை அவருக்காக முடிவெடுக்கும் அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுப்பது. ஆனால் புரிந்து கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். புரியும் நாட்கள் எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்?

பிள்ளைகள் மூன்று பேரும் கூடப் போனார்கள். மூத்தவன் ஒரு கம்பெனியில் மேனேஜர். சின்னவன் குழாய் ரிப்பேர் செய்கிறவன். நடுவில் மகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

"ஐயா, உங்களுக்காக யார் முடிவெடுக்கணும்?" என்று வக்கீலம்மா கேட்டார்.

மூத்தவன் முந்திக்கொண்டான். "என் பேரைச் சொல்லுங்கப்பா. எனக்குத்தான் இந்தப் பேப்பர் வேலையெல்லாம் பழக்கம்."

"ஆமா, உனக்கு லீவு கிடைக்கிறதுக்குள்ள அப்பாவுக்கு ஜுரம் வந்து, போயி, மறுபடியும் வந்துடும்" என்றான் சின்னவன்.

"என் வீடுதான் பக்கத்துல, அப்பா" என்று மகளும் சேர்ந்துகொண்டாள்.

மேகம் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கைகள் மடியில் கல்லாக இருந்தன. வக்கீலம்மா பேனாவை மூடினார். "அவருக்குப் புரியுற மாதிரி தெரியலை. இன்னொரு நாள் பாக்கலாமா?"

இன்னொரு நாள் இருக்குமா? மகள் அப்பாவின் கைகளையே பார்த்தாள். சிறு வயதில் ஒருமுறை துறைமுகத்தில் ஒரு பெட்டி அந்தரத்தில் அப்படியே நின்றதைப் பார்த்திருக்கிறாள். அதை எங்கே இறக்குவது என்று கீழே மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். "ஒருத்தன் கைதான் எனக்குக் கணக்கு. பல கை ஆடினா நான் அசைய மாட்டேன்" என்று அப்பா அப்போது சொன்னார்.

"அண்ணா, வாயை மூடு. டேய், நீயும்தான்!" என்றாள் மகள். "மேடம், நீங்க ஒருத்தர் மட்டும் மறுபடியும் கேளுங்க."

வக்கீலம்மா கேட்டார். மேகம் நிமிர்ந்தார்.

"சின்னவன்."

"ஏன் ஐயா?"

"பெரியவன் தெரியாததுக்கும் தைரியமா கை காட்டுவான். இவன் தெரியலைன்னா தெரியலைன்னு கையைக் கீழ போட்டுடுவான். ஆனா ஒண்ணு. நிறுத்துன்னு சொல்ல மட்டும் எல்லாருக்கும் உரிமை உண்டு. குப்பை கூட்டுறவர் கையைத் தூக்கினாலும் நான் நிறுத்தியிருக்கேன். என் வீட்டை விக்கிறதோ, என்னை வேற எங்கயாவது கொண்டு விடுறதோ, மூணு பேர்ல ஒருத்தர் வேணாம்னா அப்படியே நிக்கணும். டாக்டரும் நீங்களும் பாத்துச் சொன்னப்புறம்தான் நகரணும். அப்படி எழுத முடியுமா?"

"தாராளமா எழுதலாம் ஐயா." வக்கீலம்மாவின் குரல் தணிந்திருந்தது.

மூத்தவன் முகம் சுருங்கியது. "அப்போ நான் எதுக்குப்பா?"

"நிறுத்துன்னு கத்தத்தான்டா. உன் தொண்டை வேற யாருக்கு இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

பத்திரத்தைப் படித்துக் காட்டிய வக்கீலம்மா, புரிந்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னார். "நான் நானா இல்லாத அன்னிக்கு, இவன் பேச்சு என் பேச்சு" என்றார் மேகம். கையெழுத்தும் போட்டார். மகள் அந்தக் கையெழுத்தையே பார்த்தாள். எத்தனையோ பாரம் தூக்கிய மனிதர்தான். ஆனால் தன்னையே இப்படித் தூக்கி இன்னொருவர் கையில் கொடுக்க எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல்?

"பயமா இருக்குப்பா" என்றான் சின்னவன்.

"அதனாலதான் உனக்கு" என்று எழுந்த மேகம், தன் குடையைத் தேடத் தொடங்கினார். அது அவர் முழங்கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.