பிளானும் சங்கிலியுமாகக் கண்டியில்

காணி அளக்கப் போனால் பக்கத்துக் காணிக்காரர் தேத்தண்ணி தரமாட்டார். அளந்து முடிந்தபின் கூப்பிட்டவரும் தரமாட்டார். வேலிச் சண்டையில் நொந்தவர்களுக்கு இது தெரியாததல்ல. யாழ்ப்பாணத்தவனான நான் கலவரமும் போருமான வருடங்களில் நில அளவையாளனாகக் கண்டியைச் சுற்றித்தான் அளந்தேன். இருந்தும், இப்போது நினைத்தால் அந்த நாட்கள் இனிக்கின்றன.

பலா மரம்

வத்தேகமவில் ஒரு டீச்சரின் காணி உறுதிப் பத்திரத்தில் கிழக்கெல்லை ‘பலா மரம்’ என்று மட்டும் இருந்தது. மரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஹாஜியார், தன் கோழிக்கூடு வரைக்கும் தன் காணி என்றார். நல்லவேளை, பதிவான பழைய பிளான் கிடைத்தது. துண்டின் இலக்கம், பக்கங்களின் நீளம், எல்லைக்கல் நட்ட இடம் எல்லாம் அதில் இருந்தன. அளவுச் சங்கிலி பிடித்துத் தோண்டினோம். கோழிக்கூட்டுக்கும் அப்பால் ஹாஜியாரின் முற்றத்தில் கிடந்தது கல். அவர் கல்லைப் பார்த்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“அப்ப இவ்வளவு காலமும் எங்கட கோழியெல்லாம் உங்கட வளவிலதான் முட்டை போட்டீக்கிது, டீச்சர்!”

சோதனைச்சாவடி

தெல்தெனியப் பக்கம் பஸ்ஸை நிறுத்தி என்னை மட்டும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். கையில் சுருட்டிய பிளான். இளம் சிப்பாய் அதை விரித்தான். பஸ் போய்விட்டது. “இது ஆமி முகாமின் படமில்லை, ஒரு அம்மாவின் பதினைந்து பேர்ச் காணி” என்று சிங்களத்தில் சொன்னேன். ஒவ்வொரு கோடாக விரல் வைத்துக் கேட்டான். ஒவ்வொன்றாக விளக்கினேன். மேலதிகாரி அந்தப் பக்கம் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

“மாத்தயா, எங்கட ஊரிலயும் அண்ணன் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறான். நான் லீவில போகும்போது அளக்க வருவீங்களா?”

ராமாயியின் மூலை

கலவரத்தில் புசல்லாவை ராமாயியின் வீடும் எரிந்தது, உறுதியும் எரிந்தது. அகதி முகாமிலிருந்து புருஷனோடு திரும்பியபோது இரண்டு பக்க வேலிகளும் உள்ளே நகர்ந்து வந்திருந்தன. முன்பு நான் அளந்து வரைந்த அவளுடைய பிளானின் பிரதி என் அலுமாரியில் இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். அயலவர்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள். கரியை ஒதுக்கி நாலு கல்லையும் காட்டியபின், அவர்களே வேலியைப் பிடுங்கினார்கள். ராமாயி அழவில்லை. ஒரு கல்லிலிருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்து, சாம்பலின் நடுவில் நின்றாள்.

“ஐயா, அடுப்பு இங்கதாங்க இருந்திச்சி. இங்கயே வச்சிர்றோம்.”

இத்தனை பேருக்கும் எல்லைக்கல் தேடிக் கொடுத்த எனக்கு, ஊரிலிருந்த என் சொந்தக் காணியைப் போய்ப் பார்க்க மட்டும் போர் முடியும்வரை வழியிருக்கவில்லை.