சொல்லாமல் விட்ட குச்சி

லிஃப்ட் மெக்கானிக்கின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி கம்பெனி முழுக்க அவர் ‘ரெண்டுதடவை’. எதையும் இரண்டு தடவை கேட்காமல் நகர மாட்டார். லிஃப்டுக்கு அடியில் ஆள் உயரப் பள்ளம் ஒன்று இருக்கும். அதில் இறங்கி வேலை பார்க்கும்போது தலைக்கு மேலே கூண்டு தொங்கிக்கொண்டிருக்கும். உச்சி மாடியில் மோட்டார் அறையில் நிற்கிற கூட்டாளி மெயின் சுவிட்சை அணைத்தால்தான் கீழே இருப்பவனுக்கு உயிர் சொந்தம். அதனால் இறங்குவதற்கு முன் ரெண்டுதடவை அண்ணாந்து கத்துவார்.

“ஆஃபா?”

“ஆஃப்!” என்று பத்து மாடி தாண்டிப் பதில் வரும்.

“ஆஃபா?”

“ஆஃப்டா சாமி! எழுதி வேணா குடுக்கட்டுமா?”

பத்தொன்பது வருஷமாக அந்தப் பதிலைச் சொன்னது ஒரே குரல்தான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனை எல்லோரும் ‘அரட்டை’ என்று கூப்பிட்டார்கள். அவனுக்கு வாய் மூடாது. சுவரைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவான். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். ரெண்டுதடவையின் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்.

நாய்க்குட்டி கிடைத்த அன்றும் இருவரும் சேர்ந்துதான் வேலைக்குப் போயிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த காலை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பம்பு வைத்து இறைக்க இறங்கிய ரெண்டுதடவை டார்ச் அடித்துப் பார்த்தபோது, அடியில் இருந்த பெரிய ஸ்பிரிங்கின் மேல் இரண்டு கண்கள் மினுங்கின. கையளவு நாய்க்குட்டி. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. மூக்கு மட்டும் லிஃப்ட் பட்டன் மாதிரி கறுப்பாக, வட்டமாக இருந்தது. அதனாலேயே பட்டன் என்று பெயர் வந்தது.

“வீட்டுக்குக் கொண்டு போடா” என்றான் அரட்டை. “நீயும் அவளும் வாயைத் திறந்தா உப்பு இருக்கா, தண்ணி வந்துச்சா, அவ்வளவுதான். வீட்ல கொஞ்சம் சத்தம் கேக்கட்டும்.”

மனைவி ஒரு பேக்கரியில் மாவு பிசையும் பிரிவில் வேலை பார்த்தாள். “ஐயோ, எனக்கு ஆகாது, முடி கொட்டும்” என்று முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், மூன்றாம் நாள் தன் பழைய ஸ்வெட்டரை அதற்குப் படுக்கையாக்கியிருந்தாள்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் அது வீட்டுச் செருப்பையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. தடுப்பூசி போடப் போன இடத்தில் கால்நடை மருத்துவரிடம் ரெண்டுதடவை அதைச் சொன்னார்.

“தூக்கிட்டுப் போறது அதோட ரத்தத்துலயே இருக்கு. திட்டாதீங்க. திரும்பக் கொண்டு வரக் கத்துக் குடுங்க” என்றார் அந்த டாக்டரம்மா. பிறகு விரல் விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டே போனார். கல் கூடாது, குச்சி கூடவே கூடாது, விழுங்கிவிடக் கூடிய சின்னப் பந்தும் ஆகாது. உயரத் தூக்கிப் போட்டால் குட்டி எகிறிக் குதிக்கும், வளர்கிற மூட்டு தாங்காது. வழுக்குகிற தரையில் ஓட விடாதீர்கள். சாப்பிட்டவுடனே வேண்டாம்.

ரெண்டுதடவைக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. விதிமுறை என்றால் அவருக்கு உயிர். இதில் நாயும் சேர்ந்துகொண்டது!

ஒரு பழைய பருத்தித் துண்டை இறுக்கச் சுருட்டி, நடுவில் முடிச்சுப் போட்டு, நூல் பிரியாமல் ஓரம் தைத்துக்கொண்டார். பட்டனின் வாயில் முழுதாக அடங்காத பருமன். வேலை முடிந்து வந்ததும் பின்பக்க முற்றத்தில் கேட்டைச் சாத்திவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்துவிட்டு, மண் தரையில் உட்கார்ந்துகொள்வார். துண்டைத் தரையோடு தரையாக உருட்டி விடுவார்.

முதல் வாரம் படுதோல்வி. பட்டன் பாய்ந்து போய் எடுக்கும். எடுத்துக்கொண்டு நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடும். இவர் துரத்துவார். அது அதைத்தான் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடும். சமையலறை ஜன்னல் வழியாக மனைவி பார்த்துச் சிரிப்பாள். “என்னங்க, யாரு யாரைப் பழக்குறது?”

அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டது. துரத்துவதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினார். குட்டிக்குப் பொறுக்கவில்லை. துண்டோடு பின்னாலேயே வந்தது. வாயிலிருந்து பிடுங்கவும் மாட்டார். வேகவைத்த முட்டைத் துணுக்கை மூக்குக்கு நேரே காட்டுவார். அது வாயைத் திறக்கும் அந்த நொடியில் “விடு” என்பார். துண்டு விழும், முட்டை போகும். ஆறு முறைக்கு மேல் விளையாட்டு கிடையாது. இன்னும் இன்னும் என்று அது வாலை ஆட்டிக் கெஞ்சும்போதே தண்ணீர் வைத்துவிட்டு, துண்டை ஆணியில் மாட்டிவிடுவார். இரண்டு மாதத்தில் பட்டன் ஓடிப் போய், எடுத்து வந்து, அவர் காலடியில் வைத்துவிட்டு, “எப்படி?” என்று கேட்பதுபோல நிமிர்ந்து பார்க்கத் தொடங்கியது. அப்படி அது பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரில் மாமனாருக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போனது. மூன்று நாள் போயே ஆக வேண்டும்.

“என்கிட்ட விடுடா, நான் இல்ல?” என்றான் அரட்டை.

ரெண்டுதடவை ஒரு முழுத்தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். துண்டு மட்டும், உருட்டி விட வேண்டும், ஆறு முறை, குச்சி கூடாது. கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு.

அரட்டை அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “லிஃப்டுக்கே இவ்ளோ பெரிய புஸ்தகம் தரலயேடா கம்பெனி!”

“குச்சி மட்டும் வேண்டாம், மச்சான்.”

“சரிடா.”

“குச்சி வேண்டாம்.”

“சத்தியமா இல்லடா சாமி, போய்ட்டு வா!”

திரும்பி வந்து கேட்டைத் திறந்தபோது பட்டன் ஓடி வரவில்லை. மூலையில் படுத்திருந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாடையைத் தொட்டால் முனகியது.

“நேத்துல இருந்து இப்படித்தான் இருக்கு” என்றான் பட்டனுக்குத் துணையாக அங்கேயே தங்கியிருந்த அரட்டை. “உன் துண்டைத்தான் கடிச்சுக் கடிச்சுத் துப்பிட்டிருந்துச்சு. நூலை முழுங்கியிருக்கும்னு நினைக்கிறேன். தொண்டையில சுத்திக்கிச்சோ என்னவோ.”

மருத்துவர் வாயைத் திறந்து பார்க்க முயன்றார். வலி பொறுக்காமல் அது திமிறியது. துண்டு நூல் கதையை ரெண்டுதடவையே அவரிடம் ஒப்பித்தார். நூல் என்றால் தானாக வெளியே வந்துவிட வாய்ப்பு உண்டு, வீக்கத்துக்கு மருந்து தருகிறேன், கூடினால் மயக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் அவர்.

அன்றைக்குச் சாயங்காலம் ரெண்டுதடவை அந்தத் துண்டைப் பிரித்துப் போட்டு, தான் தைத்த ஓரத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. முன்பே இருந்ததா, இப்போது வந்ததா, தெரியவில்லை. “நான்தான். என் கையாலதான்” என்றார் மனைவியிடம். துண்டைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்து, பட்டன் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டார்.

அரட்டை தினமும் வந்தான். பிஸ்கட் வாங்கி வந்தான். பட்டனின் முதுகைத் தடவிக் கொடுத்தான். “மனசை விடாதடா. வேணும்னேவா செஞ்சே? அடுத்த தடவை துணி வேண்டாம், அவ்வளவுதான்” என்று ஆறுதலும் சொன்னான். ரெண்டுதடவை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு ஆள் கூட இருக்கிறானே என்று நெகிழ்ந்து போனார்.

ஐந்தாம் நாள் தாடைக்குக் கீழே எலுமிச்சை அளவுக்கு வீங்கிவிட்டது. மருத்துவர் மயக்கம் கொடுத்து மேசையில் கிடத்தினார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் கையில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு. அதில் சுட்டுவிரல் நீளத்தில், ஒரு பக்கம் கூராக, பட்டை உரியாத ஒரு குச்சித் துண்டு.

“நாக்குக்கு அடியில குத்தி உள்ளே போயிருக்கு” என்றார். “குச்சி வேண்டாம்னு சொன்னேனே?”

“நான் போடலையே டாக்டர். நாங்க குச்சியே…” என்று ஆரம்பித்த ரெண்டுதடவை, தட்டில் கிடந்த குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“குத்தின அன்னிக்கே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. ரத்தம் வந்திருக்கும். கண்டிப்பா யாராவது பார்த்திருப்பாங்க.”

அந்தக் குச்சியை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரெண்டுதடவை நேரே அரட்டையின் வீட்டுக்குப் போனார். காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். அரட்டையின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வாய் மூடி அவர் பார்த்தது அதுதான் முதல் முறை.

“பார்க்குல…” என்றான் கடைசியில். “எல்லாரும் சுத்தி நின்னு வேடிக்கை பார்த்தாங்க. துண்டு வீட்ல இருந்துச்சு. ஒடிஞ்ச கிளை ஒண்ணு கிடந்துச்சு, ஒரே ஒரு தடவைதான் போட்டேன். அது மண்ணுல குத்தி நின்னுடுச்சு. பட்டன் வந்த வேகத்துல அது மேலயே…”

“ரத்தம் வந்துச்சா?”

“கொஞ்சம்.”

“ரத்தம் வந்துச்சா?”

“வந்துச்சுடா. கழுவி விட்டேன். சரியாயிடும்னு நினைச்சேன். நீ அவ்ளோ தூரம் எழுதிக் குடுத்திருந்தே, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?”

“அதுக்குத் துண்டு மேல பழியைப் போட்டியா? அஞ்சு நாள் என் பக்கத்துல உக்காந்து எனக்கே ஆறுதல் சொன்னியே. நான் என் கையை வெட்டிக்கலாம்னு இருந்தேன்டா.”

அரட்டை அழுதான். ரெண்டுதடவை எழுந்து வந்துவிட்டார். குச்சி அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அவசரத்தில் யார் கையும் தவறும். அந்தப் பிஸ்கட்டும், முதுகைத் தடவிய கையும்தான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தன. தெரிந்துகொண்டே தடவியிருக்கிறான்.

மறுநாள் இருவருக்கும் ஒரு வங்கிக் கட்டடத்தில் வேலை. பேசிக்கொள்ளாமல் வேனிலிருந்து இறங்கினார்கள். அரட்டை கருவிப் பையோடு மேலே போனான். ரெண்டுதடவை பள்ளத்தின் ஏணியில் ஒரு காலை வைத்தார்.

“ஆஃபா?”

“ஆஃப்.”

“ஆஃபா?”

“ஆஃப்.” வேடிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை.

அவர் கால் அடுத்த படிக்கு இறங்கவில்லை. இறக்கப் பார்த்தார், முடியவில்லை. தலைக்கு மேலே கூண்டின் அடிவயிறு கறுப்பாகத் தெரிந்தது. இதே குரல்தான் துண்டின் நூலை முழுங்கியிருக்கும் என்றும் சொன்னது. அப்போதும் இப்படித்தான், கொஞ்சம்கூட அசையாமல் சொன்னது.

ஏணியிலிருந்து வெளியே வந்து பத்து மாடியையும் படியேறினார். மோட்டார் அறைக் கதவைத் திறந்தபோது மூச்சு இரைத்தது. சுவிட்சைப் பார்த்தார். அணைத்துத்தான் இருந்தது. அரட்டை அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

“ஆஃப்தான்டா” என்றான். குரல் உடைந்தது. “இதுல போய் விளையாடுவேனா நான்?”

“மாட்டே. தெரியும்.”

“அப்புறம்?”

“தெரியுது. ஆனா கால் வரமாட்டேங்குது.”

“பத்தொன்பது வருஷம்! ஒரு நாய்க்காகவா?”

“நாய்க்காக இல்லடா” என்றார் ரெண்டுதடவை. சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி பத்து மாடி இறங்கி வேலையை முடித்தார்.

அன்று மாலை சூப்பர்வைசரிடம் கூட்டாளியை மாற்றித் தரச் சொன்னார். “என்னய்யா, உங்க ரெண்டு பேரையும் பிரிச்சா வானம் இடிஞ்சு விழுந்துடுமே” என்று அவர் சிரித்தார். காரணம் கேட்டார். ரெண்டுதடவை காரணம் சொல்லவில்லை. அவன் ‘ஆஃப்’ என்று சொன்னாலும் நம்ப முடியவில்லை என்று சொன்னால் அரட்டையின் வேலைக்கே உலை வைத்ததாக ஆகும். அந்த அளவுக்கு இறங்க அவருக்கு மனம் வரவில்லை. புதிதாக ஒரு பெண்மணி கூட்டாளியாக வந்தார். தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். இரண்டு தடவை கேட்டால் இரண்டு தடவையும் ஒரே மாதிரி பதில் சொல்வார். வேலை சுத்தமாக நடந்தது. சாப்பாட்டு நேரம்தான் நகரவே இல்லை.

பட்டனுக்குக் காயம் ஆற மூன்று வாரம் பிடித்தது. ஆனால் எதை உருட்டி விட்டாலும் பார்த்துக்கொண்டு நின்றது. வாயில் எதையும் கவ்வப் பயம். ரெண்டுதடவை பழைய கம்பளிக் காலுறைக்குள் துணி அடைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். கவ்வ வேண்டாம், மோந்தால் போதும், அதற்கே முட்டை. பிறகு மூக்கால் தள்ளினால் முட்டை. ஒரு மாதம் தாண்டி ஒரு நாள், அது காலுறையின் நுனியை முன்பற்களால் பிடித்து இரண்டடி நடந்து வந்து போட்டது. சமையலறை ஜன்னலில் நின்ற மனைவி அன்று சிரிக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைப் பக்கம் போனார். எதிரே அரட்டை வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். ரெண்டுதடவை சாலையைக் கடந்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் பட்டன் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. வால் மட்டுமா ஆடியது, உடம்பே ஆடியது. அவன் மேல் இரண்டு காலையும் வைத்து முகத்தை நக்கியது. அதற்கு அவன் தன்னோடு மூன்று நாள் விளையாடிய ஆள், அவ்வளவுதான்.

அரட்டை நடைபாதையிலேயே மண்டியிட்டான். பட்டனின் உதட்டை மெதுவாக விலக்கி, நாக்குக்கு அடியில் வெளுத்துப் போயிருந்த தழும்பைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து ரெண்டுதடவையைப் பார்த்தான்.

ரெண்டுதடவை காத்திருந்தார். கோபம் வரும் என்று நினைத்தார், வரவில்லை. பிறகு “பட்டன், வா” என்றார். ஒரு தடவைதான் கூப்பிட்டார். அது வந்தது. நடந்தார். பின்னாலிருந்து அவன் கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தது முதுகு. அவன் கூப்பிடவில்லை.

வீட்டில் மனைவி மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். “ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு? யாரைப் பாத்தீங்க?”

“அரட்டையை.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “பேசுனீங்களா?”

ரெண்டுதடவை குனிந்து கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

“பட்டன் பேசுனான்” என்றார்.