வயலின்காரர் வரைந்த கை

வாசிக்கிறவர்கள் வரையவும் செய்தால் எனக்கு அவர்கள்மேல் ஒரு கிறுக்குப் பிடித்துவிடும். இசை மட்டும் தெரிந்தவர்களிடம் மரியாதை உண்டு, படம் மட்டும் போடுகிறவர்களிடமும் உண்டு. இரண்டும் கைவந்த ஆளைக் கண்டால் மட்டும் கடையை மூடிவிட்டுப் பின்னாலேயே போய்விடுவேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வந்த ஒருவரிடமிருந்துதான் இது தொற்றியது. அவர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர். டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்ததும், சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கினார். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் கட்டுகிற திரை, அவரே தீட்டியது. பெத்லகேம் என்றார். எனக்கு எங்கள் ஊர்த் தேவனாம்பட்டினம் கடற்கரை போலத்தான் தெரிந்தது. படகுகள் மணலில் ஒருக்களித்துக் கிடந்தன, வலை காய்ந்துகொண்டிருந்தது, மேலே நட்சத்திரம்.

"பெத்லகேம நான் எங்க பாத்தேன்? பாத்தது இதுதான்" என்று சிரித்தார்.

அவர் வாசிப்பதைக் கேட்பதற்காகவே அந்த வருடம் தேவாலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டின் நடுவில் அவர் விரலை எடுத்துவிட்டுச் சும்மா இருந்த இடங்களும், அந்தத் திரையில் அவர் வண்ணம் தொடாமல் விட்ட மணலும் ஒன்றுதான் என்று தோன்றியது. இதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் முகநூலில் எழுதினேன். நாலு பேர் நன்றாயிருக்கிறது என்றார்கள். வாசிக்கவும் வரையவும் செய்கிறவர்களுக்காக ஒரு பக்கம் ஆரம்பித்தது அப்படித்தான்.

அந்தப் பக்கத்தின் வழியாகத்தான் வயலின்காரரைத் தெரிந்துகொண்டேன். நெல்லிக்குப்பத்துக்காரர், சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் மகன். சிதம்பரத்தில் குடியிருந்து பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறார். கச்சேரிகளில் பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவர், அதனால் நோட்டீசில் அவர் பெயர் சின்ன எழுத்தில்தான் இருக்கும். அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் கரித்துண்டால் படம் போடுவார் என்று ஒருவர் எழுதி, இரண்டு படங்களையும் அனுப்பியிருந்தார். குடையை மடக்குகிற ஒருவர், செருப்புத் தேடுகிற ஒரு பெண். ஒவ்வொன்றும் கை எடுக்காமல் இழுத்த ஒரே கோடு. கோடு எங்கே போதுமோ அங்கே நின்றுவிட்டது. மறுவாரமே அவர் கச்சேரிக்குப் போனேன். வில்லை இழுக்கும்போதும் அப்படித்தான். பாடகர் முடித்த இடத்திலிருந்து ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டு போய், இன்னும் கொஞ்சம் வராதா என்று நாம் ஏங்குகிற இடத்தில் நிறுத்திவிடுவார். எனக்கு இசை இலக்கணம் எதுவும் தெரியாது. அந்த நிறுத்தம் மட்டும் புரிந்தது, அதற்கே அடிமையானேன்.

பிறகு கடலூரிலோ சிதம்பரத்திலோ அவர் வாசித்த கச்சேரி ஒன்றையும் நான் விடவில்லை. முன்வரிசையில் இடம் பிடிப்பேன். போனைத் தலைக்கு மேலே தூக்கி, முழங்கையை இடக்கையால் தாங்கி, கச்சேரி முடியும்வரை வீடியோ எடுத்து, என் பக்கத்தில் போடுவேன். சார்ஜ் தாங்காது என்பதால் என் மனைவி பக்கத்தில் பவர் பேங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அத்தை மகளைக் கட்டியவன் நான், அவள் இன்றும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். துணைக்கு வருகிறாள் என்று நினைத்திருந்தேன். பின்னாலிருந்து யாராவது, "சார், கைய கொஞ்சம் எறக்குங்க" என்பார்கள். ரெக்கார்டிங் என்று உதட்டசைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வேன். இந்தக் கலைஞனை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் நான், இவர்கள் சும்மா கேட்க வந்தவர்கள் என்பது என் கணக்கு.

போன தை மாதம் அவர் படங்களைச் சிதம்பரத்தில் கண்காட்சியாக வைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மேல வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து நானும் மனைவியும் போனோம். அதுவரை நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று இஸ்திரி போட்ட சட்டை, கையில் எப்போதும் போடுகிற செப்புக் காப்பு எல்லாமாகக் கிளம்பியிருந்தேன்.

மாடி ஏறியதும் என் முகநூல் பக்கத்தில் லைவ் போட்டுவிட்டேன். மனைவி ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று நின்று பின்தங்கினாள். நான் போனை முன்னால் நீட்டியபடி விளக்கம் சொல்லிக்கொண்டு போனேன். மிருதங்கக்காரரின் முதுகு, தம்புரா மேல் சாய்ந்து தூங்கும் பெண், மேடைக்குக் கீழே குவிந்த செருப்புகள். உண்மையிலேயே நல்ல படங்கள். என் குரலில் இருந்த உற்சாகம் பொய்யில்லை.

கடைசிச் சுவர் முழுக்க ஒரே படம். மேடையிலிருந்து பார்த்தால் தெரிகிற கூட்டம். ஒருவர் கொட்டாவி விடுகிறார், ஒரு அம்மா குழந்தைக்கு ரிப்பன் கட்டுகிறாள், இரண்டு பேர் காபி குடிக்க எழுந்து முதுகைக் காட்டிப் போகிறார்கள். நடுவில் தூக்கிய ஒரு கை. கையில் போன். அந்த ஆளுக்கு முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் முழங்கையும், இரண்டு பக்கமும் காதுகளும்தான் இருந்தன. அவனுக்குப் பின்னால் ஒரு கிழவர் மேடையைப் பார்ப்பதற்காகப் பக்கத்துக்காரர் தோள்மேல் சரிந்திருந்தார்.

"இத பாருங்க நண்பர்களே" என்றேன். குரல் தானாக உயர்ந்தது. "அந்தக் கைய பாருங்க. என்னா ஒரு திமிரு அதுல! நாமளும் பாத்திருக்கோம்ல, எல்லாக் கச்சேரியிலயும் இப்படி ஒருத்தன் வந்து உக்காந்திருப்பான். பின்னால அந்தப் பெரியவர் படுற பாட்டப் பாருங்க. ஒரே கோட்டுல எப்படிப் புடிச்சிருக்காரு மனுஷன்!"

அறையில் இருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தபடி தலையாட்டினார். அப்போதுதான் திரையின் அடியில், நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் பழைய நண்பன் ஒருவன் எழுதியது மேலே ஏறியது.

'மச்சான், அந்தக் காப்பு உன்னுதுதான?'

படத்தைப் பார்த்தேன். தூக்கிய கையின் மணிக்கட்டில் ஒரு தடித்த வளையம். போன் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். அதற்குள் வரிசையாக வந்தன. 'அட்மின் நீங்களா?' 'ஆமா, காது அவரு காதுதான்.' சிரிக்கிற முகங்கள் திரை நிறைய மிதந்து ஏறின. சட்டென்று எப்படி நிறுத்துவது என்றுகூட விரலுக்கு மறந்துவிட்டது. தினம் நூறு போனைப் பிரித்து மாட்டுகிறவன், என் போனை அணைக்கத் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றேன். ஒருவழியாக அணைத்துவிட்டு, சட்டைக் கையை இழுத்துக் காப்பை மூடினேன்.

மறைத்து என்ன, படத்தில் நான் இன்னும் ஒன்றைக் கவனிக்கவே இல்லை. அந்தப் போனிலிருந்து ஒரு வயர் கீழே இறங்கியது. அது போய்ச் சேர்ந்த இடத்தில், பக்கத்து நாற்காலியில், ஒரு பெண். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்திருப்பவர்களைப்போல இரண்டு கையாலும் பவர் பேங்கை மடியில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி உட்கார்ந்திருந்தாள். அந்தப் படத்திலேயே முழுதாகத் தீட்டிய முகம் அது ஒன்றுதான். கட்டிக்கொண்டு இருபது வருடமாகத் தினமும் நான் பார்க்கிற முகம். ஆனால் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வயலின்காரர் எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். நேரே அவளிடம் போனார்.

"அம்மா, நீங்க வந்திருக்கீங்களா! ஒங்கள கேக்காம வரைஞ்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"அய்யோ, கோவம்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

"தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சா எனக்கு வேலை கெடையாது. மிருதங்கம் வாசிச்சு முடிக்கிறவரைக்கும் வில்ல மடியில வச்சுகிட்டு ஒங்களையெல்லாம் பாத்துகிட்டுதான் இருப்பேன். அப்ப பாதிப் பேரு காபிக்கு எழுந்துடுவாங்க. நீங்க அப்படியே இருப்பீங்க. சில நாள் மனசு சரியில்லன்னா ஒங்க மூஞ்சியப் பாத்துட்டுதான் அடுத்த பாட்டுக்கு வில்ல எடுப்பேன்."

அவள் என்னைக் காட்டி, "எங்க வீட்டுக்காரர். அவுங்கதான் ஒங்க வாசிப்பையெல்லாம் எடுத்துப் போடுறவங்க" என்றாள்.

"ஓ, அந்த வீடியோல்லாம் சார்தானா? எம் பொண்ணு காட்டுவா. ரொம்ப நன்றி சார்" என்று கையை நீட்டினார். நானும் நீட்டினேன். சட்டைக் கை மேலேறிக் காப்பு தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அவர் முகம் சிவந்து, கண் தரைக்குப் போனது.

"சார்... அது வந்து... சத்தியமா யாரு கைன்னு நான் பாக்கல சார். ஒரு கை. அவ்வளவுதான்."

கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் வெட்கத்தை அவர் வாங்கிக்கொண்டு நின்றதுதான் தாங்க முடியவில்லை. யாருடைய கை என்றுகூட அவர் பார்க்கவில்லை என்பது அதற்குமேல். அத்தனை கச்சேரியிலும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து அவரை உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தவன், அவருக்கு மறைக்கிற ஒரு பொருளாக இருந்திருக்கிறேன்.

"பரவால்ல சார். படம் நல்லாதான் இருக்கு" என்றேன். பிறகு என்ன புத்தியோ, "இத நானே எடுத்துக்கறேன் சார். இப்பவே கழட்டிக் குடுத்துடுங்க" என்றேன். வீட்டில் மாட்டுவதற்காக அல்ல. சுவரிலிருந்து இறங்கினால் போதும்.

அவர் இன்னும் சங்கடப்பட்டார். "இல்லீங்க சார், புதுச்சேரியிலேருந்து ஒரு டாக்டர் வந்து வாங்கிக்கறேன்னு காலையிலயே சொல்லிட்டுப் போயிட்டாரு."

விற்றாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகப் படத்தின் மூலையில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டை அப்போதுதான் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. லைவை அழிப்பதற்குள் யாரோ அதை வெட்டி, திமிரு என்று நான் சொல்கிற இடத்தை மட்டும் எல்லாருக்கும் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

"ஒனக்கு இவ்ளோ புடிக்கும்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றேன் அவளிடம்.

"என்னா சொல்றது மாமா. ராகம் பேருல்லாம் எனக்குத் தெரியாது. அவரு வாசிக்கிறப்ப அழுவ வர்ற மாதிரி இருக்கும், அப்பறம் தானா சரியாயிடும். வாரம் பூரா அதுவே போதும் எனக்கு."

"அதான் கண்ண மூடிக்குவியா?"

அவள் வெளியே கரும்பு லாரி ஒன்று போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "அதுவும்தான். ஒங்க போனு வெளிச்சம் மூஞ்சியில அடிச்சிகிட்டே இருக்கும்ல. மூடிகிட்டா தெரியாது."

குறை சொல்கிற தொனியே இல்லை அதில். வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். கடலூர் வரும்வரை அவள் பக்கம் திரும்ப எனக்கு முகமில்லை.

பங்குனியில் கடலூர் முதுநகரில் ஒரு கோயில் திருவிழாவுக்கு அவர் வாசிக்க வந்தார். நான் வரவில்லை என்றேன். நெல்லிக்குப்பத்து நண்பன் உட்பட எல்லாரும் அங்கே இருப்பார்கள். மனைவி பூ வைத்துக்கொண்டு கிளம்பி நின்றாள். "நீங்க வரலன்னா நான் மட்டும் போயிட்டு வர்றேன் மாமா" என்றாள். அவள் தனியாகப் போவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

நடு வரிசையில் உட்கார்ந்தோம். போன் சட்டைப் பையிலேயே இருந்தது. கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தேன், கட்டிக்கொண்டேன், நாற்காலி ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். திரை வழியாகவே அவர் வாசிப்பைப் பார்த்துப் பழகியவனுக்கு அவர் தூரத்தில் ரொம்பச் சிறிதாகத் தெரிந்தார். தலைமுடி நரைத்திருந்ததை அன்றுதான் கவனித்தேன். பாடகர் ஒரு பெரிய ஆலாபனையை முடித்து அவரிடம் விட்டார். அவர் எடுத்தார். முதல் இரண்டு நிமிஷம் வெளிச்சம் சரியில்லை, மைக் முகத்தை மறைக்கிறது என்றெல்லாம் ஓடிய என் மனசு மெல்ல அடங்கியது. நிறுத்தம் வந்தது. பக்கத்தில் மனைவி மூச்சை விட்ட சத்தம் கேட்டது. எத்தனையோ கச்சேரியில் அவள் இப்படி மூச்சு விட்டிருப்பாள். எந்த வீடியோவிலும் அது இல்லை.

பிறகு தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது. முன்னால் நாலைந்து பேர் எழுந்து போனார்கள். அவர் வில்லை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து, கூட்டத்தை ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பார்வை எங்கள் வரிசைக்கு வருவதற்குள் நான் தலையைக் குனிந்துகொண்டேன். மிருதங்கம் முடியும்வரை நிமிரவில்லை.