யூதாஸ் வீட்டுக்குக் கஞ்சி இல்லை

என் வீட்டுக்காரர் அற்புதசாமி இன்றுவரை யாரையும் காட்டிக் கொடுத்ததில்லை. சாரம் கட்டுகிற வேலை அவருக்கு. கட்டடம் பூசவும் பெயிண்ட் அடிக்கவும் ஆட்கள் ஏறி நிற்பதற்குச் சவுக்குக் கம்பையும் கயிற்றையும் வைத்து மாடி மாடியாகக் கட்டிக் கொடுப்பார். ஸ்ரீரங்கத்தில் அபார்ட்மெண்ட் எழும்பினால் அவரைத்தான் தேடுவார்கள். அவர் போட்ட முடிச்சை நம்பித்தான் கொத்தனார்கள் நாலாவது மாடி உயரத்தில் நின்று வெற்றிலை போடுகிறார்கள். ஆனால் கொள்ளிடத்தைத் தாண்டி எங்கள் கோயில் தெருவுக்கு வந்துவிட்டால் அவருக்குப் பெயர் யூதாஸ். நான் யூதாஸ் பெண்டாட்டி. எங்கள் மகள் பிரான்சியை ஸ்கூலில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

தவக்காலத்தின் கடைசி வாரம் எங்கள் கோயில் மைதானத்தில் பாஸ்கா நாடகம் நடக்கும். ஆண்டவர் பாடுபட்டு மரித்த கதை. வேஷங்கள் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கி வரும். வயல் வைத்திருந்த வீடுகளுக்கு இராயப்பர், அருளப்பர் என்று நல்ல சீடர்கள். மளிகைக்கடைக்காரர் வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து. என் வீட்டுக்காரருடைய தாத்தா மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். முதுகு போனதும் பிழைப்புத் தேடி இங்கே வந்து குடிசை போட்டார். அந்த வருஷம் யூதாஸ் வேஷத்துக்கு ஆள் இல்லை. எந்த வீட்டுக்காரன் விரும்பிக் கட்டுவான்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்? புதிதாக வந்த மனிதர் தலையில் கட்டிவிட்டார்கள். அவருக்குப் பிறகு அவர் மகன், அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர்.

வேஷத்தோடு விட்டிருந்தால்கூட நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆண்டவர் மரித்த பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்ததும் கோயிலில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். கார் வைத்திருப்பவனும் வரிசையில் நின்றுதான் வாங்குவான். யூதாஸ் வீட்டுக்கு மட்டும் அந்தக் கஞ்சி கிடையாது. புதன்கிழமை நாடகத்தில் ஆண்டவரை முத்தம் கொடுத்துக் காட்டிக் கொடுத்தவனுக்கு வெள்ளிக்கிழமை கஞ்சி ஒரு கேடா என்று எந்தக் காலத்திலோ எவனோ கேட்டானாம். அதுவே வழக்கமாகிவிட்டது. வேதத்தில் இல்லை, எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. வந்த சாமியார்கள் யாரும் தடுத்ததும் இல்லை.

கல்யாணம் பேசும்போது என் அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நிச்சயம் முடிந்த பிறகு பாஸ்கா பார்க்க வந்தவர், மாப்பிள்ளை மேல் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவதைப் பார்த்துவிட்டு, எழுந்து டவுன் பஸ் ஏறிவிட்டார். இவர் அங்கியைக்கூடக் கழற்றாமல் அடுத்த பஸ்சில் துரத்திக்கொண்டு போயிருக்கிறார். சத்திரம் பேருந்து நிலையத்தில், ஒட்டுத்தாடியோடு, அத்தனை ஜனங்களுக்கு நடுவே, "மாமா, அது நடிப்புங்க" என்று கெஞ்சினாராம். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் என் கல்யாணம் நடந்தது.

என் மாமனார் சாகும்வரை அந்தக் கஞ்சியைக் குடித்ததில்லை. அவருக்கும் ஆசை இருந்தது, இவருக்கும் இருந்தது. பெரிய வெள்ளியன்று நான் வீட்டில் கஞ்சி காய்ச்சித் தேங்காய்த் துவையலும் அரைத்து வைப்பேன். குடிப்பார். குடித்துவிட்டு, "ஒரு தடவையாவது அந்த வரிசையில நின்னு வாங்கணும் ரோசி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயில் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்கச் சாரம் கட்ட இந்தக் கை வேண்டும், கஞ்சி வாங்க மட்டும் ஆகாதா?

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கியதும் பாஸ்கா கமிட்டிச் செயலாளர் பெஞ்சமின் வீடு தேடி வந்தார். நாடகம் யூடியூபில் நேரடியாகப் போகப்போகிறதாம். அவர் மகன் ஜோஸ்வின் சென்னையில் நடிப்புப் படித்தவன்.

"அற்புதம், யூதாஸ நம்ம ஜோஸ்வின் பண்ணட்டும். அதுலதான் நடிக்க இடம் இருக்குங்கிறான். நீங்களும் எத்தனை வருஷம்தான் கஷ்டப்படுவீங்க?"

"மூணு தலைமுறையாப் பட்ட கஷ்டம் இப்பத்தான் உங்க கண்ணுல பட்டுச்சாங்க?" என்றேன் நான்.

இவர் என்னைக் கையமர்த்தினார். முகத்தில் கோபமே இல்லை. "அப்ப இந்த வருஷம் நான் கஞ்சி வாங்கலாங்களா?" என்று கேட்டார்.

பெஞ்சமின் சிரித்தார். "தாராளமா வாங்க." படியிறங்கும்போது திரும்பி, "கடைசில யூதாஸ் தொங்குற அந்தத் தூக்குக் கயிறு மட்டும் நீங்களே கட்டிக் குடுத்துடுங்க. புள்ள கழுத்து பாருங்க" என்றார்.

போகாதீர்கள் என்றேன். "பையன் விழுந்துட்டா பாவம் ரோசி" என்று போய்க் கட்டிக் கொடுத்தார். புதன்கிழமை ஜோஸ்வின் தொங்கினான். ஒரு கிழவியும் மண் தூற்றவில்லை. கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். வெள்ளிக்கிழமை முதல் கஞ்சியே அவனுக்குத்தான். அவன் ஊதி ஊதிக் குடிப்பதை கேமராக்காரன் படம் பிடித்தான். வழக்கம் எங்கே போயிற்று என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் பழைய காலத்துப் பேச்சும்மா" என்கிறார் பெஞ்சமின். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

இவர் சலவை வேட்டி கட்டி, எவர்சில்வர் கிண்ணத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். பின்னால் பிரான்சியும் நானும். வரிசை நகர நகர அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் முறை வந்தது. கரண்டி பிடித்திருந்த லூர்து அண்ணன் இவர் முகத்தைப் பார்த்தார், கரண்டியைத் தூக்கினார், இவர் கிண்ணத்தையும் எங்கள் கிண்ணங்களையும் தாண்டி எனக்கு அடுத்து நின்றவருக்கு ஊற்றினார்.

லூர்து அண்ணனுக்கே முகம் சுண்டிவிட்டது. "தப்பா எடுத்துக்காத அற்புதம். கை பழகிடுச்சு."

"அந்தத் தம்பிக்கு ஊத்துனது எந்தக் கைங்க?" என்று கேட்டார் இவர். குரலை உயர்த்தவில்லை. கிண்ணத்தையும் இறக்கவில்லை. வரிசை அப்படியே நின்றது. பெஞ்சமின் எங்கிருந்தோ ஓடிவந்து, "ஊத்துங்க, ஊத்துங்க" என்றார். கரண்டி இறங்கியது.

அங்கேயே நின்று குடித்தார். ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை. மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, வெறும் கிண்ணத்தை லூர்து அண்ணன் முன்னால் வைத்தார்.

"உப்பே இல்லங்க. இதுக்கா எங்கப்பா சாகுற வரைக்கும் ஏங்குனாரு?"