பீரங்கியின் காதுகள்

எங்கள் இறங்குதுறையில் பழைய பீரங்கி ஒன்று, வாய் மேலே தெரியப் பாதி புதைந்து நின்றது. வெள்ளைக்காரன் காலத்திலேயே அதைப் படகு கட்டும் கட்டையாக்கியிருந்தார்கள். முழங்கால் உயரத்தில் இரு பக்கமும் இரும்பு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பீரங்கியை வண்டியில் ஏற்றி மேலும் கீழும் சாய்க்க ஒரு காலத்தில் அவைதான் அச்சு. நாங்கள் காது என்போம். சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், நான் அங்கே ஓவசியர். லொறிகளின் மட்காட்டை அந்தக் காதுகள் கீறுகின்றன என்று சாரதிமார் முறையிட, உடைத்துவிடச் சொன்னேன்.

சரக்கு ஏற்றும் வத்தைப் படகு ஒன்றை நடத்தும் தண்டயல், குச்சவெளிக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர், தேடி வந்து மறித்தார்.

"காதை உடைக்காதேங்கோ ஐயா. கடல் எழும்பேக்க கயிறு மேல ஏறப் பாக்கும். அந்தக் காதுதான் அதை மறிக்கிறது."

எனக்கு முப்பது வயதுகூட இல்லை; வாய் மட்டும் முழ நீளம். துருப்பிடித்த இரும்புக்கு இவ்வளவு கதையோ என்று எல்லோர் முன்னாலும் கேட்டு அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன். வார்ப்பிரும்பு, சம்மட்டிக்கு முறிந்து விழுந்தது. மொட்டையாய் நின்ற பீரங்கிக்குக் கறுப்புப் பெயின்ற் அடிப்பித்து அழகும் பார்த்தேன், மடையன்.

அந்த மார்கழியில் வாடைக்காற்று கடலைக் கிளப்பியது. அவருடைய வத்தை எழும்பி எழும்பி இழுக்க, கயிறு பீரங்கியின் வாய்க்கு மேலாகக் கழன்றது. மாமூட்டைகளோடு வத்தை பாறையில் மோதிப் பிளந்தது. நல்லகாலம், ஆட்கள் நீந்திக் கரைசேர்ந்தார்கள்.

விசாரணையில், கயிறு ஏன் கழன்றது என்று துறையின் மேலதிகாரி கேட்டார். தண்டயல் என் பக்கம் கையைக் காட்டினார்.

"ஓவசியர் ஐயாவுக்கு எல்லாம் தெரியும். அவர் சொல்லுவார்."

உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும். அவர் கயிறு கட்டினது சரியில்லை என்றேன். அவருடைய தண்டயல் வேலை அன்றோடு போயிற்று.

ஏழெட்டு வருடம் கழித்து, இறக்கக்கண்டியில் பஸ் பழுதாகி நின்றபோது, கரைவலை இழுத்த கூலியாட்களுக்குள் அவரைக் கண்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் அவரே கிட்ட வந்து சுகம் விசாரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அந்தப் பீரங்கியில இப்பவும் வத்தை கட்டுறாங்களோ? கயிறு கழருமெண்டு மற்றவங்களுக்காவது சொல்லிப்போட்டீங்கள்தானே?"

சொல்லியிருக்கவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

"ஓம், சொன்னனான்," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அது போதும் என்று சொல்லி வலைப்பக்கம் போனார். இரண்டு தரமும் அந்த மனிதர் என்னை நம்பினார்.