இசை நின்ற பிறகு

தம்பானூர் தியேட்டரில், திகில் படத்தின் பின்னணி இசை சட்டென்று நின்றது. திரையில் ஒரு பெண் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

சின்ன வயதில் நாங்கள் இருந்த வலியசாலை வீட்டின் வாசலில் நின்றால் கொல்லை வரை நேராகத் தெரியும். ஒளிய இடமே கிடையாது. தெருமுனையில் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அம்மா ரேடியோவை அணைத்துவிடுவாள்.

"அப்பா வந்தாச்சு. பேசாம உக்காருடி."

அடுப்பில் ரசம் கொதிப்பது மட்டும் கேட்கும். அவர் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தத்திலேயே அன்றைக்கு அம்மாவுக்கு அடி உண்டா என்று தெரிந்துவிடும்.

திரையில் கதவு திறந்தது. உள்ளே வந்தது பூனை. தியேட்டரே சிரித்தது. அப்பா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா இன்னும் என் கையை விடவில்லை.

"வெறும் பூனைதாம்மா" என்றேன்.

"கதவு திறக்கறவரைக்கும் அது யாருக்குடி தெரியும்?" என்றாள்.