வெல்டிங் மிஷின் வாங்க வந்தவர்கள்

கார் துருப்பிடித்துக் கவலையில் வருகிறவரிடம் எந்த மிஷினையும் விற்றுவிடலாம். சரியான மிஷினை விற்பதுதான் பாடு.

ஈப்போவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வெல்டிங் மிஷின்கள் என் பொறுப்பு. வருகிறவர்கள் முதலில் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள், விளக்கம் சொல்ல உள்ளேயிருந்து யாராவது ஆம்பிளை வருவாரா என்று. வரமாட்டார். எங்கள் சீன முதலாளி, தவுக்கே, கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இருப்பதிலேயே பெரிசு

லகாட்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். காரின் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. வீட்டிலேயே ஒட்டிவிடலாம் என்று அவருக்கு ஆசை. கடைக்குள் நுழைந்ததும் மூலையில் நின்ற ராட்சச மிஷினைத்தான் காட்டினார். அது கப்பல் பட்டறைக்கு ஆகும் சாமான். வீட்டு பிளக்கில் செருகவே முடியாது.

"அண்ணே, கார்த் தகடு பிஸ்கட் டின் மாதிரி மெலிசு. சூடு குறைச்சலா வைக்க முடியற சின்ன மிஷின்தான் வேணும்" என்றேன். அவர் சின்னதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இது பொம்மை மாதிரி இருக்கே லா!"

பக்கத்தில் நின்ற மனைவி சின்ன மிஷினைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "இதையே கட்டுங்க அக்கா. மழை பேஞ்சா என் காலுக்குக் கீழ சாக்கடை, லோங்காங்கே ஓடுது. பெரிய மிஷின் வந்தா ஓட்டை இன்னும் பெருசாகி நானும் கீழ போயிடுவேன்."

குச்சியும் கம்பியும்

எல்லாரும் கேட்கும் கேள்வி, குச்சி மிஷினா, கம்பி மிஷினா என்பது. வாசல் கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் பிடியில் மாட்டி உருக்கும் குச்சி போதும். கார்த் தகட்டுக்கு மெல்லிய கம்பி தானாக ஓடிவரும் மிஷின் வேண்டும், கூடவே கேஸ் உருளையும் இருந்தால் நல்லது. ஒரே இடத்தில் நிற்காமல் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று வைத்துப் போக வேண்டும். நின்றால் தகடு உருகிவிடும். இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

பாலன் என்ற இளைஞன், கல்யாணமாகிப் புதுசு, மாமனார் கொடுத்த பழைய காரை அழகாக்கிக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில் இருந்தான். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுக் குச்சி மிஷினையே வாங்கிப் போனான். அடுத்த வாரம் காரின் முன் மட்கார்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். அதைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் தவுக்கே தெரிந்தார். நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அவனே ஆரம்பித்தான்: "அக்கா, ஓட்டை ஒண்டிக்கட்டையா இருந்துச்சு, நான்தான் அதுக்குக் குடும்பம் பண்ணி வச்சேன்."

கப்பல்காரர் வீட்டம்மா

லூமுட்டிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். கணவர் கப்பற்படையில், பாதி நாள் கடலில். காரின் புகைக்குழாயைத் தாங்கும் இரும்பு அறுந்து, ரோட்டில் இழுபட்டுக்கொண்டே வேலைக்குப் போய் வந்திருக்கிறார். "அவர் வந்து பார்க்கட்டும்னு இருந்தா குழாயே மிஞ்சாது அக்கா. எனக்குக் கத்துக்கொடுங்க."

மிஷினுக்கு முன்னால் முகமூடியைத்தான் எடுத்து வைத்தேன், வெளிச்சம் பட்டதும் தானாகக் கறுக்கும் ரகம். கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்று நினைத்து, மறுநாள் கண் வீங்கி மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வந்த வீரர்களை எனக்குத் தெரியும். பேட்டரி ஒயரைக் கழற்றுவது, பெட்ரோல் தொட்டிப் பக்கம் போகாமலிருப்பது, தீயணைக்கும் உருளை பக்கத்தில் வைப்பது, எல்லாம் சொன்னேன். கடைக்குப் பின்னால் பழைய தகட்டில் ஒரு மத்தியானம் முழுக்கப் பழகினார். ஊசி போடும் கை, நடுங்கவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து வாட்டசாட்டமான ஒருவர் வந்து, அதே முகமூடி இன்னொன்று கேட்டார். நர்ஸம்மாவின் கணவர். வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே என்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அத அவ எனக்குத் தரமாட்டேங்கிறா அக்கா, டார்ச்லைட் பிடிக்கிறவனுக்கு எதுக்குன்னு கேட்கிறா."

வண்டியின் எலும்பு

பீடோர் பக்கம் ஆறுமுகம் அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவர் பிறந்த தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்டிவிட்டார்கள். அவர் மட்டும் இன்னும் "எஸ்டேட்லேருந்து வாரேன்" என்பார். கம்பி மிஷின் கேட்டார். எந்த இடம் என்று கேட்டதும் கைப்பேசியில் படம் காட்டினார். வேனின் அடியில் நீளவாட்டில் ஓடி, மொத்த எடையையும் தாங்குகிற இரும்புச் சட்டம், சீட் இருக்கிற இடத்துக்கு நேர் கீழே அரித்துப்போயிருந்தது.

"அண்ணே, தரைன்னா நீங்களே ஒட்டலாம். இது வண்டியோட எலும்பு. மேல தகடு வச்சு மூடினா உள்ள அரிக்கறது தெரியாது. பட்டறையில வெட்டி எடுத்துப் புதுசு வைக்கணும்."

"பட்டறைக்காரன் ஒரு வாரம் வண்டியப் பிடிச்சு வச்சுக்குவான். பிள்ளைங்கள யாரு ஏத்துவா? நீ மிஷினக் கொடும்மா."

"இதுக்குன்னா தரமாட்டேன், அண்ணே."

தவுக்கே கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். ஆறுமுகம் அண்ணன் முகம் சிவந்து, "பொம்பளைய கடையில வச்சா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு கடையில் வாங்கி ஒட்டியிருப்பாரோ என்ற பயம் போகவில்லை. ரோட்டில் பள்ளிக்கூட வேன் எது போனாலும் என் கண் அதன் அடியில்தான் போகும்.

ஒருநாள் காலையில் அவரே வந்தார். கவுண்டரில் பழைய பேப்பரை விரித்து ஓர் இரும்புத் துண்டை வைத்தார். பட்டறையில் வெட்டி எடுத்த சட்டம். விரலால் அழுத்தினார், அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்த வாரம் பெற்றோர்களே முறை வைத்துப் பிள்ளைகளைக் கொண்டு விட்டார்களாம். தவுக்கே எழுந்து வந்து பார்த்துவிட்டு, தன் காப்பியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அண்ணன் குடிக்கவில்லை. துருப்பொடி ஒட்டிய விரலையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இது மேலதான், தங்கச்சி, பிள்ளைங்கள உட்கார வச்சு, பாட்டுப் போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

இப்படி ஊரார் கார்களுக்கெல்லாம் வைத்தியம் சொல்கிற எனக்குச் சொந்தமாக இருப்பது ஒரு பழைய மோட்டார்சைக்கிள்தான், அதுவும் பட்டறையில் கிடக்கிறது.